ஏழு வாய்த் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு கடுப்பில் பிறந்தது. ஆகவே உள்ளொளி, உந்துதல், மழை பெய்த மாலை என்று எதையும் இதன் தொடக்கத்தில் தேட வேண்டாம்.

என் அக்கா குழந்தைகளுக்கான பல் டாக்டர். நான் அவள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவன். கிளினிக்குக்கு வரும் பெற்றோருக்குக் கொடுக்க அவள் ஒரு துண்டறிக்கை அச்சடித்திருந்தாள். ‘ஃப்ளூரைடு பல்லை எப்படிக் காக்கிறது?’ என்பது தலைப்பு. வாங்கியவர்களில் பாதிப்பேர் அதை வைத்து விசிறிக்கொண்டார்கள். மீதிப்பேர் பிள்ளையின் எச்சிலைத் துடைத்தார்கள். முழுதாகப் படித்தவர் ஒரே ஒருவர். அவரும் அச்சகத்துக்காரர், எழுத்துப் பிழை பார்த்தார்.

“காலேஜ் பத்திரிகைல என்னென்னமோ எழுதிக் கிழிக்கிறியே, இதையும் ஒரு கதையா எழுதிக் குடேன்டா. ஒரே பக்கம்” என்றாள் அக்கா.

“அரை மணி நேரம்” என்றேன்.

ஒரு மாதம் ஆகிறது.

(எச்சரிக்கை: இதில் பல்லைப் பற்றி வருவதெல்லாம் அக்கா சிவப்பு மையால் திருத்தியது, நம்பலாம். மனிதர்களைப் பற்றி வருவது நான் எழுதியது, உங்கள் பாடு.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘பல் என்றொரு கோட்டை. அதைக் கிருமிப் படை சூழ்ந்தது. அப்போது குதிரை மேல் வந்தான் ஃப்ளூரைடு என்னும் மாவீரன். அவன் வாளை உருவி...’

ஓரத்தில் சிவப்பு மை: ‘வாளும் இல்லை, குதிரையும் இல்லை. யாரும் யாரையும் வெட்டவில்லை.’

இரண்டாம் தொடக்கம், கிருமியின் பார்வையில்:

‘நான் பிறந்ததே கடைவாய்ப் பல்லின் ஒரு பள்ளத்தில்தான். எனக்கென்று யாரும் இல்லை. எப்போதாவது ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்த் துணுக்கைத் தவிர எனக்கு வேறு என்ன சுகம்...’

சிவப்பு மை: ‘படித்தால் கிருமி மேல் பாவமாக இருக்கிறது. நீ யார் பக்கம்?’

மூன்றாம் தொடக்கம்: ‘ஃப்ளூரைடு என்பது இயற்கையாகவே மண்ணிலும் நீரிலும் காணப்படும் ஒரு...’

இதற்குச் சிவப்பு மை விழவில்லை. அக்கா பாதியில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்தவளை, தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்வரை நிறுத்திவைத்துக் கேட்டேன். “சரி, நீயே சொல்லு. என்னதான் நடக்குது வாய்க்குள்ள?”

“பல்லைக் கல்லுன்னு நெனச்சிட்டிருக்கே. அது கல்லு இல்லடா. நீ இனிப்பு எதாவது தின்னா அதைக் கிருமியும் தின்னுது. தின்னுட்டு அமிலத்தை விடுது. அந்த அமிலத்துல பல்லோட மேல்தோடு கொஞ்சம் கரையுது. கொஞ்ச நேரம் கழிச்சு எச்சில் வந்து, கரைஞ்ச சத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைக்குது. கரையறது, வைக்கிறது, கரையறது, வைக்கிறது. நீ பொறந்ததுல இருந்து இதான் நடக்குது.”

“இதுல ஃப்ளூரைடு எங்க வருது?”

“வைக்கிற வேலைக்குக் கூட ஒரு ஆள் மாதிரி. அது வாயில இருந்தா சத்து சீக்கிரம் திரும்பப் போய் உக்காரும். அப்படி உக்கார்ந்த இடம் முன்ன இருந்ததைவிட அமிலத்துக்கு அசையாம நிக்கும். அவ்ளோதான். ஆனா அது அங்க இருக்கணும். தினமும், கொஞ்சமா, பல்லு மேலயே இருக்கணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்று தேநீரைக் குடிக்காமலே கிளினிக்குக்கு ஓடினாள்.

3

என் பிரச்சினை புரிகிறதா?

ஒரு கதையில் ஏதாவது நடக்க வேண்டும். பல்லில் ஓட்டை விழுந்தால் நடக்கிறது: வலி, அழுகை, வீங்கிய கன்னம், பள்ளிக்கு மட்டம், நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் பிள்ளை, துளைக்கும் கருவியின் ‘ஙீ’ என்ற ஓசை. இதில் மூன்று அத்தியாயம் எழுதலாம். ஃப்ளூரைடு ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. திங்கட்கிழமை ஒன்றும் நடப்பதில்லை. செவ்வாயும் அப்படியே. இருபது வருடம் கழித்து ஒருவர் ஆப்பிளைக் கடிக்கிறார். ஆப்பிள் கடிபடுகிறது. முற்றும்.

இதை எழுதிக் காட்டினால் எங்கள் பத்திரிகை ஆசிரியர், “கதை எங்கப்பா?” என்பார். உலகத்திலேயே தன் வெற்றியைக் காட்டிக்கொள்ளத் துப்பில்லாத கதாநாயகன் எனக்குத்தானா வாய்க்க வேண்டும்?

[இங்கே ஒரு காதல் கிளைக்கதையைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். பல் டாக்டரும் மிட்டாய்க் கடைக்காரரும். அக்கா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.]

4

அக்காவையே பாத்திரமாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கண் முன்னால் இருக்கிற ஆள், கூலி கேட்காத மாடல். இப்படித் தொடங்கினேன்:

‘டாக்டருக்கு ஒரு நாளைக்கு நாற்பது வாய். நாற்பது பேரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: “தேய்ச்ச பிறகு நுரையைத் துப்பு. தண்ணி ஊத்திக் கொப்பளிக்காதே.” நாற்பது அம்மாக்களும் ஒரே முகத்தைத்தான் காட்டினார்கள். வாயைக் கழுவாமல் விடுவதா, சீ. அவளும் சலிக்காமல் விளக்குவாள். கொப்பளித்தால் பற்பசையில் இருக்கும் ஃப்ளூரைடு அத்தனையும் குழாயோடு போய்விடும். பல்லின் மேல் தங்கினால்தான் அது வேலை செய்யும். மாலையில் வீடு திரும்பும்போது அவள் தாடை வலிக்கும். வீட்டில் அவளுடைய ஏழு வயது மகள்...’

இங்கே பேனா நின்றது. மகள் என்ன செய்வாள்? பல் டாக்டர் மகள் எப்படிப் பல் தேய்ப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

தெரியாததை எழுதக் கூடாது என்ற நல்ல கொள்கையில், மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளியலறை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். அந்த வீட்டில் ஓர் உடன்படிக்கை: ஊராரின் பல் அக்காவுக்கு, மகளின் பல் அத்தானுக்கு. ஏழு மணிக்கெல்லாம் அக்கா கிளினிக்கில் இருப்பாள். அத்தான் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி மாட்டுகிறவர். சட்டைப் பையில் பேனாவைப் போல ஒரு மீட்டர் வைத்திருப்பார். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அதை முக்கி, என்ன கரைந்திருக்கிறது என்று எண் பார்ப்பார். ஒருமுறை என் சூப்பில் முக்கினார்.

மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு, முக்காலி மேல் ஏறி நின்று தேய்த்தாள். பட்டாணி அளவுப் பற்பசை. இரண்டு நிமிடம். மேலே, கீழே, பின்னால். அருமை. நான் ‘அருமை’ என்றே எழுதிக்கொண்டேன். துப்பினாள். அதுவும் அருமை.

பிறகு குவளையில் தண்ணீர் பிடித்தாள். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினாள். இரண்டாவது. மூன்றாவது. அத்தான் துண்டோடு நின்று, “நாலு... அஞ்சு...” என்று பெருமையாக எண்ணினார். ஆறு. ஏழு.

“சபாஷ். பேஸ்ட் வாசனையே இல்ல” என்றார், மகளின் வாயை முகர்ந்து.

நாற்பது பிள்ளைகளிடம் ‘கொப்பளிக்காதே’ என்று சொல்லித் தாடை வலிக்க வருகிறவளின் மகள், நாளைக்கு இரண்டு வேளை, ஏழேழு வாய்.

“அத்தான், இது யார் சொல்லிக் குடுத்த கணக்கு?” என்றேன்.

அத்தான் என்னை வினோதமாகப் பார்த்தார். “என்ன மாப்ளே, நீதானே?”

5

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிப்போக மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை.

வாண்டுக்கு நான்கு வயதில் ஒரு நாள், ஸ்ட்ராபெரி வாசனைப் பற்பசையைக் குழாயிலிருந்து அப்படியே பிதுக்கித் தின்றுவிட்டாள். அத்தான் அரண்டுபோனார். குழாயின் முதுகில் ‘விழுங்கக் கூடாது’ என்று அச்சடித்திருந்தது. அது நியாயம்தான்.* ஆனால் அத்தான் அன்று முதல் பற்பசையை விஷமாகவே பார்க்க ஆரம்பித்தார். எதையும் நீக்கினால்தான் அவருக்கு நிம்மதி, தொழில் அப்படி. “மாப்ளே, நீ கதையெல்லாம் எழுதறவன். இவ வாயைக் கழுவற மாதிரி எதாவது சொல்லேன்” என்றார்.

சொன்னேன். நுரையில் ஏழு பூதங்கள் ஒளிந்திருக்கின்றன. துப்பினால் போகாது. ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் ஒரு பூதம் விழும். ஆறோடு நிறுத்தினால் ஏழாவது பூதம் நாக்கின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, நீ தூங்கும்போது உன் குரலைத் திருடிப் பேசும்.

சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆகியிருக்கும். மறந்தும்விட்டேன். மூன்று வருடமாக இந்தக் கதை இரண்டு வேளை நிகழ்த்தப்பட்டு வருகிறது. நான் எழுதிய எதையும் யாரும் இரண்டாம் முறை படித்ததில்லை. இது ஒன்றுதான் வெற்றி பெற்றது. அதற்கும் பரிசு ஒரு பல்.

* அக்காவின் குறிப்பு: பல் உருவாகும் வயதில் ஃப்ளூரைடை நிறைய விழுங்கினால் பின்னால் முளைக்கும் பற்களில் வெள்ளைக் கறை விழும். சில ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் அது அளவுக்கு மேல் இருந்து பல்லையும் எலும்பையும்கூடக் கெடுப்பதுண்டு. அதனால்தான் சின்னப் பிள்ளைக்கு அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு, துப்பப் பழக்குவது எல்லாம். அளவாக வைத்துத் துப்புவது வேறு, துடைத்து எடுப்பது வேறு. (‘இதைக் கதைக்குள்ளேயே எழுது, கீழே ஒளிக்காதே’ என்றும் எழுதியிருக்கிறாள். ஒளித்துவிட்டேன்.)

6

அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்; கத்தியிருந்தால் வசனமாவது கிடைத்திருக்கும். அவளோ வாண்டைக் கிளினிக் நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, காற்றூதும் குழலால் கடைவாயை உலர்த்தினாள். கீழ் வரிசையில் வலது ஓரம், போன வருடம் முளைத்த பல். பால் பல் இல்லை; விழுந்தால் வேறு வராது.

உலர்ந்ததும் தெரிந்தது. சுண்ணாம்பு பட்ட மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

“ஓட்டையா?” என்றார் அத்தான்.

“இன்னும் இல்ல. உள்ள சத்து கரைஞ்சிருக்கு, மேல்தோடு உடையல. இப்ப நிறுத்தினா நின்னுடும். உடைஞ்சுதுன்னா தொளைச்சு அடைக்கணும். ஒரு தடவை அடைச்ச பல்லை ஆயுசு முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கணும்.” புள்ளியின் மேல் ஃப்ளூரைடுப் பூச்சைத் தடவினாள். “மூணு மாசம் கழிச்சுப் பார்ப்பேன். ஆனா இந்தப் பூச்சு மட்டும் போதாது. தினமும் ரெண்டு வேளை பேஸ்ட் பல்லுல தங்கணும். ஒரு வாய்த் தண்ணிகூடக் கூடாது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தான், “நான் விஷத்தைத்தானே கழுவினேன்... நல்லதுன்னுதானே...” என்று புலம்பினார்.

“உங்களை ஒண்ணும் சொல்லல. தினம் நாப்பது வாயைப் பாக்கறேன், என் வீட்டு வாஷ்பேசினை ஒரு நாள் எட்டிப் பாக்கல” என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ ஒரு பக்கம் எழுதித் தரேன்னியே, அது இருக்கட்டும். முதல்ல நீ எழுதினதை அழி.”

7

அச்சில் வந்ததை அழிக்கலாம். ஏழு வயதுக்காரியின் தலைக்குள் இருப்பதை எப்படி அழிப்பது?

நாங்கள் பார்க்கும்போது வாண்டு நுரையைத் துப்பிவிட்டு நல்ல பிள்ளையாக இறங்கினாள். இரண்டு நிமிடம் கழித்துச் சமையலறைக் குழாயில் ‘களகள’ என்று கேட்டது. குழாயடியில் அத்தான் காவல் நின்றார். மறுநாள் பூச்செடிக்கு ஊற்றும் பூவாளியில் கேட்டது. பேஸ்ட்டில் பல்லை ரிப்பேர் பண்ணுகிற ஒன்று இருக்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன்; இரண்டு வாரம் இப்படியே போயிற்று. பூவாளியை ஒளித்துவைத்ததில் பூச்செடிகள்தான் காய்ந்தன.

ஆகவே, பூதக் கதைக்குப் புதிய முடிவு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். என் விமர்சகர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

முடிவு ஒன்று: பூதங்கள் வயதாகிச் செத்துப்போயின.

“பூதம் சாகாது.”

“ஏன்?”

“செத்தாதான் பூதமே ஆவாங்க.”

முடிவு இரண்டு: பூதங்கள் உண்மையில் நல்லவை. பல்லைக் காவல் காக்க வந்தவை. நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

“அப்ப மூணு வருஷமா நல்ல பூதத்தைத் துப்பிட்டு இருந்தேனா?” அவள் உதடு பிதுங்கியது. “எத்தனை பூதம்?”

கணக்குப் போட ஆரம்பித்தாள். நான் தாளை மடித்தேன்.

முடிவு மூன்று. இதை நான் எழுதவில்லை, வாயில் வந்துவிட்டது. “வாண்டு, பூதமே இல்ல. நான் கட்டிவிட்ட கதை.”

கணக்குப் போட்டுக்கொண்டிருந்த விரல்களை மடக்கினாள்.

“அப்ப அந்த இன்னொண்ணு?”

“எது?”

“பேஸ்ட்டுல இருக்கறது. பல்லுல ஒட்டிக்கிட்டு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, பல்லை ரிப்பேர் பண்ணும்னு சொன்னியே. பூதமும் கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னே.”

சொல்லுங்கள், உங்களிடம் பதில் இருக்கிறதா? நான்கு நிமிடத்தில் கட்டிய பொய்க்கு நாக்கு, குரல், எண்ணிக்கை எல்லாம் வைத்திருந்தேன். உண்மைக்கு என்னிடம் இருந்தது ‘அவ்ளோதான்’ என்ற ஒரே வசனம். போதாததற்கு, இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

“அம்மாவைக் கேளு” என்று நழுவினேன்.

அம்மா எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய், கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அந்தப் பல்லை உலர்த்திக் காட்டினாள். வாண்டு புள்ளியைப் பார்த்தாள். நாக்கால் தொட்டாள். ஈரம் பட்டதும் மறைந்தது. மறுபடி உலர்த்தச் சொன்னாள். மறுபடி வந்தது. நான்கு தடவை.

“இதுக்குக் கதை கிடையாதாம்மா?”

“கிடையாது. இருக்கு, பாரு. அவ்ளோதான்.”

8

முடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அக்காவின் ஒரு பக்கத்துக்குப் பொருத்தமாக இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருக்கிறேன்:

(அ) மூன்று மாதம் கழித்து அக்கா கடைவாயை உலர்த்துகிறாள். புள்ளி கெட்டிப்பட்டுப் பளபளக்கிறது, துளைக்க வேண்டியதில்லை. அத்தான் மீட்டரைத் தூக்கி எறிகிறார். (எறியமாட்டார். அது அவர் பிழைப்பு. இந்த வரியை அடித்துவிடலாம்.)

(ஆ) மூன்று மாதம் கழித்து அக்கா கடைவாயை உலர்த்துகிறாள். துளைக்கும் கருவியைக் கையில் எடுக்கிறாள். நான் வெளியே உட்கார்ந்து ‘ஙீ’ என்ற ஓசையைக் கேட்கிறேன். அது மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய கதையின் கடைசி வரி.

இரண்டாவது நல்ல எழுத்து. அதற்காகவே அதன் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மூன்று மாதத்தில் இன்னும் இரண்டரை மாதம் பாக்கி. நடந்தது எதுவரையோ அதுவரைதான் சொல்ல முடியும். இன்று காலை ஏழு மணி. நான் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில். அத்தான் துண்டோடு உள்ளே. எண்ணும் பழக்கத்தில் உதடு துடிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அக்கா இன்று கிளினிக்குக்குத் தாமதம். அவளும் வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள்.

வாண்டு தேய்த்தாள். இரண்டு நிமிடம். மேலே, கீழே, பின்னால். வலது ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக. துப்பினாள்.

பிறகு குவளை நிறையத் தண்ணீர் பிடித்தாள்.

“வாண்...” என்று ஆரம்பித்தேன்.

உதட்டில் நுரையோடு கண்ணாடி வழியாக என்னை முறைத்தாள். “மாமா, நீ பேசக் கூடாது. நீ சொன்னா கதையாயிடும்.”

குவளை அவள் வாய்க்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் நிற்கிறது. எங்கள் மூவருக்கும் வாயில் ஒரு வாக்கியம் இருக்கிறது, மூவரும் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அவள் எதை நம்புவாள் என்று எனக்குத் தெரியும் போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது. தெரிந்தாலும் எழுதமாட்டேன். எனக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது, நியாயமான தடை.

வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். பேனா உங்களிடம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையின் தொடர்ச்சியாக எங்கள் வீட்டிலிருந்து உங்கள் காதுக்கு ஒரு சேதியும் வராமலே போனால், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.